பழைய கண்ணாடிப் படங்களை ஆற்றில் விடாதீர்கள்: ஊவாத் தோட்டக் கோயிற் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தைப் பகுதிகளின் தோட்டக் கோயில்களைப் பரிபாலித்துவரும் கமிட்டித் தலைவர்மாருக்கும், பூசாரிமாருக்கும், திருப்பணி வேலைகளை முன்னின்று நடத்தும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் நம் தோட்டங்களில் திருப்பணிப் பேச்சு எழுவது வழக்கம். தகரக் கூரையின் கீழ்த் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மாரியம்மனுக்குக் கொங்கிரீட் மண்டபமும் வர்ணம் தீட்டிய கோபுரமும் எழுப்ப வேண்டும் என்று, கொழுந்தெடுத்துப் பெற்ற சொற்பச் சம்பளத்திலும் ஒரு பங்கை மனமுவந்து எடுத்து வைக்கும் நம் ஜனங்களின் பக்தியை நான் அறிவேன். அந்தப் பக்திக்குத் தலைவணங்கிய பின்னரே இந்த மடலை எழுதத் துணிகிறேன். என் விண்ணப்பம் ஒன்றே. திருப்பணிக்காகக் கோயிலின் சாமான் அறையையும், வாகனக் கொட்டகையையும், மூலஸ்தானத்தின் பக்கச் சுவர்களையும் ஒழிக்கும்போது, அங்கே கரிபடிந்து மங்கிக் கிடக்கும் பழைய கண்ணாடிப் படங்களை ஆற்றில் விடாதீர்கள். விடத்தான் வேண்டும் என்று தோன்றினாலும், முதலில் அவற்றைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள்.

பழுதான சாமிப் படத்தை வைத்துப் பூசிக்கலாகாது, ஓடும் நீரில் விட்டுவிட வேண்டும், அல்லது கோயில் அரசமரத்தடியில் சாத்திவிட வேண்டும் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் சம்பிரதாயம். தெய்வத்தின் உருவம் குப்பையோடு குப்பையாகக் காலில் மிதிபடக் கூடாது என்ற பயபக்தியிலிருந்து பிறந்த அந்த வழக்கத்தை நான் குறைகூற வரவில்லை. அச்சிட்ட காகிதப் படத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்து சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அச்சான முருகன் படம் ஒன்று நைந்துபோனால், அதே முகமும் அதே மயிலும் கொண்ட மற்றொன்றைக் கடைவீதியில் வாங்கிவந்து மாட்டிவிடலாம். ஆனால், உங்கள் சாமான் அறையில் கிடப்பவற்றுள் ஒன்றிரண்டேனும் அச்சுப் படங்களாக இராமல், ஒரு மனிதர் தம் கையால் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி, பொன்ரேக்கும் ஜிகினாவும் வைத்து முடித்த சித்திரங்களாக இருக்கக்கூடும். அத்தகைய படம் ஒன்று போனால், அதற்கு ஈடாக வைப்பதற்கு உலகில் இன்னொரு பிரதி கிடையாது.

கண்ணாடிச் சித்திரம் எழுதும் முறை எத்தனை விசித்திரமானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதை அறிந்தவர்கள் அப்படத்தை அலட்சியமாகக் கையாள மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. சீலையிலோ பலகையிலோ எழுதுகிற சித்திரக்காரன் முதலில் பின்னணியைப் பூசி, அதன்மேல் உடலையும் ஆடையையும் தீட்டி, கண்ணின் கருமணியையும் நகையின் நுண்கோட்டையும் இறுதியில் வைக்கிறான்; கண் திறப்பது என்று நம் ஸ்தபதிகள் சொல்லும் அந்தச் சடங்கு வேலையின் முடிவில் வருவது. கண்ணாடியின் பின்புறத்தில் எழுதி முன்புறமிருந்து பார்க்க வேண்டிய படத்திலோ, வீட்டைக் கூரையிலிருந்து கட்டத் தொடங்கி அஸ்திவாரத்தில் முடிப்பது போல, எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும். முதலில் கருமணி, பிறகு வெண்விழி, புருவம், உதட்டின் கோடு, நெற்றித் திலகம், நகைகளின் வரம்பு. அதற்குப் பின்னரே முகத்தின் நிறம். அதற்கும் பின்னர் ஆடை. கடைசியில் திரையும் தூணும் ஆகாயமும். ஒரு நிறத்தின்மேல் மறுநிறம் விழுந்த பிறகு முந்தியதைத் திருத்த வழியில்லை. கண் பிழைத்தால் முகமே பிழைத்தது. அந்தக் கண்ணாடியைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பொன்வேலையும் அவ்வண்ணமே. மகுடம், ஆரம், ஒட்டியாணம், சேலைக்கரை ஆகியவற்றின் கோடுகளை மட்டும் எழுதி, அவற்றின் உட்பகுதியை நிறமிடாமல் தெளிந்த கண்ணாடியாகவே விட்டுவிடுவார்கள். பிறகு அவ்விடங்களின் பின்னே தங்கரேக்கையோ, வசதி குறைந்தவர்களுக்கான படமாயின் பளபளக்கும் தகட்டுத் தாளையோ வைத்து ஒட்டுவார்கள். தாளைச் சற்றே கசக்கி வைத்தால் அதன் மடிப்புகளில் ஒளி பல திசைகளில் சிதறும். மின்சாரமில்லாத காலத்துக் கோயிலில், எண்ணெய் விளக்கின் சுடர் காற்றில் அசையும்போதெல்லாம் அந்த ஆபரணங்களும் கூடவே அசைந்து மின்னும் என்பதை ஒருமுறை கண்டவர்கள், இப்படங்கள் ஏன் இத்தனை இருண்ட கருவறைகளையும் பூசை அறைகளையும் தேடிச் சென்றன என்பதைப் புரிந்துகொள்வார்கள்.

இந்தக் கலை நம்மிடம் வந்த வழியும் நெடியது. உரோமாபுரியின் பாதாளக் கல்லறைகளிலேயே, கண்ணாடிக்குள் பொன்ரேக்கை வைத்துக் கீறிய மனித முகங்கள் கிடைத்திருக்கின்றன. அவை பதினாறு நூற்றாண்டுகளுக்கும் முற்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்துக் கன்டன் துறைமுகத்தில் ஐரோப்பிய வியாபாரிகளுக்காகக் கண்ணாடியில் படம் எழுதும் பட்டறைகள் செழித்திருந்தன. அங்கிருந்து கப்பலேறிய படங்களும், பின்னர்ச் சில சீனச் சித்திரக்காரர்களுமே பாரதத்தின் மேற்குக் கரையில் இறங்கி, கச்சு, சாதாரா, மைசூர் என்று பரவி, கடைசியில் தஞ்சைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஜயா அப்பாசாமி 1980-இல் இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2017-இல் அன்னா டல்லாப்பிக்கோலா எழுதிய நூல் அதை இன்னும் விரித்தது.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில் (1798–1832), பலாப் பலகையில் சீலை ஒட்டி, சுண்ணமும் பசையும் மெழுகி, பொன்ரேக்கும் கற்களும் பதித்த பலகைப் படங்கள் உச்சநிலையில் இருந்தன. அவற்றை வாங்க அரண்மனையாலும் மிராசுதாரர்களாலும்தான் இயலும். அதே கிருஷ்ணனை, அதே பட்டாபிஷேக ராமனை, வள்ளி தெய்வயானையோடு கூடிய அதே முருகனை, குறைந்த செலவில் சாமானியர் வீட்டுக்கும் கொண்டுசேர்க்கக் கண்ணாடி உதவியது. 1855-இல் கடைசி மன்னர் காலமாகி அரசு கும்பினியார் கைக்குப் போன பிறகு, அரண்மனை ஆதரவை இழந்த சித்திரக்காரர்களுக்குக் கடைவீதியே அரண்மனையாயிற்று. தெய்வங்களோடு மனிதர்களையும் அவர்கள் கண்ணாடியில் எழுதினார்கள்: நாற்காலியில் அமர்ந்த வணிகர், கையில் மலரேந்திய மாதர், தலைப்பாகையணிந்த கனவான்கள். நாமும் நம் முன்னோரின் உருவத்தைச் சுவரில் மாட்டிவைக்கலாம் என்ற எண்ணம், புகைப்படக் கருவி எல்லோர் வீட்டுக்கும் வருவதற்கு முன்னரே, இந்தக் கண்ணாடிகளின் மூலம் நடுத்தர ஜனங்களிடம் பரவிவிட்டது.

இப்போது அந்தக் காலத்தையும் இடத்தையும் நம் சரித்திரத்தோடு சேர்த்துப் பாருங்கள். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து நம் பூர்வீகர் கோப்பிக் காடுகளுக்கும், பின்னர்த் தேயிலை மலைகளுக்கும் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தது அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். சித்திரக்காரன் கடைவீதிக்கு வந்த அதே தசாப்தங்களில், அவனிடம் படம் வாங்கக்கூடிய குடியானவன் கங்காணியின் பின்னால் கப்பலேறிக்கொண்டிருந்தான். 1914-இல் தலைமன்னார்த் துறைக்கும், 1924-இல் பதுளைக்கும் ரயில் வந்த பிறகு, ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பித்தளைச் செம்பையும் விபூதிப் பையையும் மட்டுமா கொண்டுவந்திருப்பார்கள்?

நான் சொல்வது வெறும் ஊகமன்று என்பதற்கு ஒரு படத்தைக் காட்டுகிறேன். பசறைப் பாதையை ஒட்டிய தோட்டம் ஒன்றின் அம்மன் கோயிலில், காவடிக் கட்டைகளுக்கும் உடைந்த தவிலுக்கும் பின்னால், சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது அது. ஒன்றரையடி உயரமுள்ள கண்ணாடி, தேக்குச் சட்டம். அதில் இருப்பது தெய்வமன்று, ஒரு பெண். நடுவயதைக் கடந்தவள். கைப்பிடியுள்ள நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையை மடியில் வைத்து, மறுகையில் ஒரு சிவந்த மலரைப் பிடித்திருக்கிறாள். செவிமடல்கள் பாம்படத்தின் கனத்தால் தோள்வரை தொங்குகின்றன. அரக்குநிறச் சேலையின் முந்தானை வலத்தோளில் விழுகிறது. இடத்தோளில் விழவேண்டியது இப்படி மாறியதற்குக் காரணம், கண்ணாடியின் பின்புறத்தில் எழுதுகையில் இடமும் வலமும் மாறிவிடும் என்பதைச் சித்திரக்காரர் கணக்கில் கொள்ளாததே. ஆனால் முகத்தில் பிழையில்லை. உதடு இறுகி, புருவத்தின் நடுவே மெல்லிய சுருக்கம் ஒன்று விழுந்து, எதிரே நிற்பவரை அளந்து பார்க்கும் அந்தப் பார்வையைப் பொதுவான ஓர் அழகிக்கென்று எவரும் எழுதியிருக்க மாட்டார். வாழ்ந்த ஒருத்தியைப் பார்த்தே எழுதியிருக்க வேண்டும்.

பின்பலகையைக் கழற்றிய போதுதான் இன்னொரு விஷயம் புலப்பட்டது. பாம்படத்துக்கும் வளையலுக்கும் பின்னே உள்ளது மெல்லிய தங்கரேக்கு. ஓரங்களில் உதிர்ந்தும் நடுவில் இன்னும் மின்னிக்கொண்டும் இருக்கிறது. கழுத்துப் பதக்கத்துக்குப் பின்னே மட்டும் வேறொரு வெண்ணிறத் தாள் மாப்பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. ஸ்டோரில் வேலை செய்த எவரும் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். தேயிலை ஈரம் குடிக்காமலிருக்கப் பெட்டியின் உட்புறத்தில் முற்காலத்தில் ஈயத்தாளையும் பிற்காலத்தில் அலுமினியத் தாளையும் விரிப்பார்கள் அல்லவா, அந்த அலுமினியத் தாள்தான். பதக்கத்தின் வடிவுக்கு அளவெடுத்துக் கத்தரித்திருக்கிறார்கள். பெட்டிக்கு ஆணியடித்த துளைகள் தாளின் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. முன்புறமிருந்து நோக்கினால், அவை பதக்கத்தின் கீழ்விளிம்பில் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. கடல் கடந்து வந்த படத்தில் பொன் உதிர்ந்தபோது, இம்மலையில் பெட்டியடித்த ஒருவர், தம் கைக்கு எட்டிய தகட்டைக் கொண்டு அதைச் செப்பனிட்டிருக்கிறார். தஞ்சைப் பாணியில் தேர்ந்த கையொன்றும் தேயிலை ஸ்டோரில் உழைத்த கையொன்றும் ஒரே கண்ணாடியின் பின்னே சந்தித்திருக்கின்றன. இதைவிட உண்மையான மலையகச் சித்திரம் ஒன்றை நான் கண்டதில்லை.

அது கோயிலுக்கு வந்த கதையை அத்தோட்டத்து மூதாட்டி ஒருவர் சொன்னார். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது நீங்கள் அறிந்ததே. அப்படிப் பிரிந்துபோன குடும்பம் ஒன்றின் பாட்டிதான் படத்திலிருப்பவள். “பதுளை ஸ்டேசன்ல அழுதுகிட்டே ரயிலேறுனாங்க. கண்ணாடி கப்பல்ல ஒடஞ்சுரும்னு அம்மன்கிட்ட வச்சிட்டுப் போனாங்க. கேட்டு வந்தா எடுத்துக் குடுக்கணும்ல?” என்றார் அவர். திருப்பணிக்காக அறையை ஒழித்தபோது, சாமிப் படமாக இல்லாததைக் கோயிலில் வைப்பானேன் என்ற கேள்வி எழுந்திருக்கிறது. அம்மூதாட்டி குறுக்கே நின்றிருக்கிறார். கமிட்டியார் அவர் சொல்லைத் தட்டவில்லை. அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்; மற்றத் தோட்டங்களின் கமிட்டியாரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

வெறும் படந்தானே, விக்கிரகமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களை நான் வெகுதூரம் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை; நம் ஊவா மாகாணத்துக்குள்ளேயே இருக்கும் கதிர்காமத்துக்கு அழைத்துச் சென்றால் போதும். ஆடிவேல் காலத்தில் வெல்லவாயையும் புத்தலையையும் கடந்து, நம் ஜனங்கள் கால் கொப்புளிக்க நடந்துபோய் அந்த மகா சந்நிதியில் நின்று கண்ணீர் மல்க வணங்குவது எதை? கருவறைக்குள் இருப்பதைப் பக்தர் எவரும் பார்ப்பதில்லை. அவர்கள் காண்பது, மயில்மேல் இரு தேவியரோடு எழுந்தருளியிருக்கும் கந்தனைத் தீட்டிய திரைச்சீலையையே. ஈழத்தின் மிகப் பெரிய முருகன் ஸ்தலத்தில், கல்லுக்கும் பொன்னுக்கும் உரிய இடத்தில் ஒரு சித்திரம் நிற்கிறது. அதற்கே கற்பூரம் காட்டப்படுகிறது. அந்தச் சந்நிதியில் கைகூப்பிய நாம், நம் தோட்டக் கோயிலில் கிடக்கும் சித்திரத்தை அற்பமென்று தள்ளுவது முறையாகாது.

கண்ணாடிப் படம் எழுதும் தொழில் எப்படி ஒழிந்தது என்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவினார். வண்ண அச்சுப் படங்கள் வெள்ளமாக வந்தன. கண்ணாடிச் சித்திரக்காரரின் பிழைப்பு குன்றியது. அவ்வளவுதான். அதனாலேயே எஞ்சியிருப்பவை அருமையாகின்றன.

அதைவிட நம் சிந்தனைக்கு உரியது, பிற தேசத்து ஏழை ஜனங்கள் தங்கள் கண்ணாடிப் படங்களை எப்படிப் பேணினார்கள் என்பது. ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் நிகுலா என்றொரு கிராமம். அங்குள்ள குடியானவர்கள் மாதாவையும் அர்ச்சியசிஷ்டர்களையும் கண்ணாடியின் பின்புறத்தில் எழுதி ஊரூராக விற்றார்கள். பவேரிய மலைநாட்டுக் குடியானவர் வீடுகளிலும் அத்தகைய படங்கள் இருந்தன. சுமார் 1909-இல் முர்னாவ் என்னும் ஊரில் அவற்றைக் கண்டு வியந்த கண்டின்ஸ்கியும் கபிரியேலே முன்டரும் தாங்களே அந்த முறையைக் கற்று எழுதினார்கள். நவீன ஓவியத்தின் முன்னோடிகளுக்கு ஏழைக் குடியானவனின் பூசை மூலை பாடசாலையாயிற்று. இன்று அப்படங்கள் காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களும் வைத்திருந்தவர்களும் நம்மைப் போலவே மண்ணில் உழைத்தவர்கள்.

என் விண்ணப்பத்துக்கு ஒரு மறுப்பு எழும் என்பதை நான் அறிவேன். அது நியாயமான மறுப்பும்கூட. லயத்துக் கூரை ஒழுகுகிறது, காம்பராவுக்கு உறுதியில்லை, நாட்சம்பளத்துக்கு ஆண்டுதோறும் போராட வேண்டியிருக்கிறது, இந்த நிலையில் பழைய படத்தைப் பற்றிப் பேசுவதா என்று நம் தலைவர்மார் கேட்கலாம். கூரையும் காணியும் சம்பளமும் முதலில் வரவேண்டியவை என்பதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டது, தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சாட்சி. இம்மண்ணை உழைப்பால் உருவாக்கிய ஜனத்திடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லாமற் போயிற்று, அதனால் நாடற்றவர்களானோம். சாட்சியில்லாத ஜனத்துக்கு என்ன நேரும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் எவருமிலர். நம் முன்னோர் என்ன கூலி பெற்றார்கள், எத்தனை இறாத்தல் கொழுந்தெடுத்தார்கள் என்பதெல்லாம் துரைமார் எழுதிய புத்தகங்களில் இருக்கிறது. அவர்கள் எதை அழகென்று கருதினார்கள், யாருடைய முகத்தைச் சுவரில் வைத்துப் போற்றினார்கள் என்பது அப்புத்தகங்களில் இல்லை. கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச் சாமியையும், ஸ்டோரின் சுழலும் எந்திரத்துக்கு றோதைமுனியையும் கண்டு வணங்கிய ஜனம் இது. அத்தகைய கற்பனையுடையவர்களை வெறும் கைகளாக மட்டும் சரித்திரம் நினைவுகூர்வதை நாம் அனுமதிக்கலாமா?

மேலும், நமக்குக் காலம் அதிகமில்லை. 2014 அக்டோபர் 29 அன்று காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் மலை சரிந்தபோது, மனித உயிர்களோடு லயங்களும், அந்த லயத்துச் சுவர்களில் மாட்டியிருந்தவை அனைத்தும் சேற்றின் அடியில் போயின. போன உயிர்களின் முன்னே பொருள்களைப் பற்றிப் பேச நா எழாது. எனினும், உயிர் தப்பியவர்களுக்குத் தம் தாய் தகப்பனின் முகத்தைப் பார்க்க ஒரு படமும் எஞ்சவில்லை என்ற துக்கமும் துக்கந்தான். மண்சரிவு அபாயமுள்ள இடங்களென்று அடையாளமிட்ட லயங்கள் நம் மாகாணத்தில் இன்றும் பல.

ஆகவே செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அடையாளம் காணுங்கள். படத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், அச்சுப் படத்தில் காகிதம் கண்ணாடிக்குப் பின்னே தனியாக நிற்பது தெரியும். கையால் எழுதியதில் நிறம் கண்ணாடியோடு ஒன்றிப்போய், இடைவெளியின்றி ஆழமாக ஒளிரும். பழைய கண்ணாடியாயின் மேற்பரப்பில் சிற்றலையும் உள்ளே நுண்ணிய குமிழிகளும் இருக்கும். பின்பலகை ஏற்கனவே விலகியிருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். கண்ணும் மூக்கும் அங்கே தெரியாது, முகமிருக்கும் இடத்தில் சதைநிறப் பூச்சு ஒன்றும், நகையிருக்கும் இடத்தில் தகடும், மற்ற இடங்களில் தடித்த வர்ணப் பூச்சுமே தெரியும். பலகை ஆணியடித்து உறுதியாக இருந்தால் அதை அவசரப்பட்டுப் பெயர்க்க வேண்டாம். வர்ணம் பலகையோடு ஒட்டியிருந்தால், பெயர்க்கும்போது முகமே கழன்று வந்துவிடும்.

படத்தின் பின்புறத்தை ஈரத்துணியாலோ, மண்ணெண்ணெயாலோ, வேறு எதனாலோ துடைக்கவே கூடாது. நிறத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள பிணைப்பு மிகவும் பலவீனமானது. ஈரமும் சூடும் மாறிமாறித் தாக்கினால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். மார்கழி மழையில் சுவரெல்லாம் வியர்ப்பதும், ஆடி ஆவணியில் கச்சான் காற்று எல்லாவற்றையும் காயவைப்பதும் நம் ஊவாவின் சுபாவம். அந்தக் காற்றுதான் நம் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தைத் தருகிறது, அதே மாறுதல்தான் இந்தச் சித்திரங்களுக்குச் சத்துருவாகவும் இருக்கிறது. ஆகையால் வெளிப்புறச் சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு மரத்துண்டுகளை வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடச் செய்யுங்கள். கற்பூரத் தட்டும் தூண்டாவிளக்கும் நேர் கீழே வேண்டாம். கண்ணாடி உடைந்திருந்தால் அதைக் குற்றமென்று எண்ணி எறிந்துவிடாமல், துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது, வர்ணமுள்ள பக்கம் மேலே இருக்கும்படி ஒரு தட்டையான பெட்டியில் பரப்பி வையுங்கள். பின்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டவே வேண்டாம். உதிர்ந்த செதில்களையும் ஒரு காகித உறையிலிட்டு அதனுடனேயே வையுங்கள். பழைய பொருள்களைச் சரிசெய்யக் கற்றவர்கள் ஒருநாள் வந்தால் அவையெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படும்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் பிரேம் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய சட்டத்தை மாற்றித் தரும்படி எவரேனும் கண்ணாடிப் படம் கொண்டுவந்தால், கண்ணாடியைத் துடைத்துச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் நல்ல வேலை என்று எண்ணி, பின்புறத்து வர்ணத்தைச் சுரண்டிவிடாதீர்கள். உங்கள் கைகளில் வந்து சேருகிறவற்றை முதலில் அடையாளம் காணக்கூடியவர்கள் நீங்களே.

பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் தோட்டங்களுக்கும் வருவார்கள். இரண்டொரு ஆயிரம் ரூபாயைக் கையில் வைத்துக் கேட்பார்கள். கோயிற் பொருளை விற்கும் உரிமை கமிட்டிக்கு இல்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுங்கள். பாதுகாக்க இடமே இல்லையென்றால் அதற்கும் வழியுண்டு: கம்பளைப் பக்கத்துப் பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகத்தை நம்மவர் நடத்திவருகிறார்கள். அது போன்றதொன்று ஊவாவிலும் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. 2023-இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து ஊர்வலமும் கூட்டமும் நடத்தினோம். அந்த இருநூறு ஆண்டுகளில் நம்மவர் கையில் இருந்த பொருள்கள் எங்கே என்று நம் பிள்ளைகள் கேட்டால், காட்டுவதற்கு ஏதேனும் இருக்க வேண்டும்.

கமிட்டிப் பெரியோர்களே, இவ்வருடக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும் கூட்டத்தில் தயவுசெய்து இந்த மடலையும் வாசியுங்கள். சாமான் அறைத் திறவுகோலை ஒருநாள் உங்கள் தோட்டத்து இளைஞர், யுவதிகளிடம் ஒப்படையுங்கள். அவர்கள் ஒவ்வொரு படத்தையும் முன்புறமும், பலகை விலகியிருந்தால் பின்புறமும், தங்கள் கைபேசியில் படமெடுக்கட்டும். அது யாருடையது, எவர் வைத்துச் சென்றது என்பதை லயத்து முதியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். அந்தக் கணக்கு முடியும்வரை எந்தப் படமும் பதுளை ஓயாவுக்குப் போக வேண்டாம்.

இங்ஙனம்,
பதுளையிலிருந்து,
உங்களில் ஒருவன்